கையை நீட்டினாலே ஓடுதா, கடிக்குதா? பயந்த முயலைப் பழக்குவது எப்படி? ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கான முழு விளக்கம்

நாய் வளர்க்க ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். பூனை என்றால் பக்கத்து போர்ஷன்காரர்கள் முகம் சுளிப்பார்கள். முயல்? குரைக்காது, கத்தாது, ஒரு மூலையில் பாட்டுக்குக் கிடக்கும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என நீளும் தொழிற்சாலைப் பகுதியில் வீடு எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு முயல் ஒரு 'சேஃப்' சாய்ஸாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, ஏதாவது பெட் ஷாப்பிலோ உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைக் குட்டியைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு இளகாது?

பிரச்சினை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். இரண்டு வாரம் ஆகியும் கூண்டுக்குள் கை விட்டால் மூலைக்கு ஓடுகிறது. தூக்கினால் உதைக்கிறது, கையெல்லாம் கீறல். நான்கைந்து மாதத்தில் திடீரென உறுமிக்கொண்டு பாய்ந்து, விரலை நறுக்கென்று கடித்துவைக்கிறது. "இது நமக்கு செட் ஆகாது" என்று யாருக்காவது தள்ளிவிடுவது, இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவது என்று கதை முடிகிறது. அந்த முயலுக்கும் பெரும்பாலும் அதோடு கதை முடிந்துவிடுகிறது.

உண்மையில் கடிக்கிற முயல்களில் பெரும்பாலானவை கோபக்கார முயல்கள் அல்ல, பயந்த முயல்கள். எதற்குப் பயப்படுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும்.

நாய்க்குட்டி ஃபார்முலா முயலுக்கு ஏன் வேலை செய்யாது?

நாயும் பூனையும் வேட்டையாடும் விலங்குகள். முயல் வேட்டையாடப்படும் விலங்கு. இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முயலின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலேயே பின்னால், மேலே என ஏறக்குறைய சுற்றியுள்ள எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும். ஆனால் மூக்குக்கு நேர் எதிரேயும் தாடைக்குக் கீழேயும் சின்னதாக ஒரு இடம் மட்டும் அதற்குத் தெரியாது. நாம் என்ன செய்கிறோம்? பாசத்தோடு சரியாக அந்த இடத்தில்தான் கையை நீட்டுகிறோம். முயலைப் பொறுத்தவரை எங்கிருந்தோ ஒரு உருவம் திடீரென மூஞ்சிக்கு முன்னால் முளைக்கிறது. அது கடிக்காமல் என்ன செய்யும்?

தூக்குவது இதைவிடப் பெரிய பிரச்சினை. காட்டில் ஒரு முயலின் கால் தரையை விட்டு மேலே போகிறது என்றால் கழுகோ நரியோ கவ்விவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் கொஞ்சுவதற்காகத் தூக்கினாலும் அது உயிருக்குப் போராடுவதுபோல உதைக்கிறது. அதன் கணக்குப்படி அது உயிருக்குத்தான் போராடுகிறது.

இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. வயல்வெளியில் துள்ளி ஓடுவதையும் 'முயல்' என்கிறோம், வீட்டில் வளர்ப்பதையும் 'முயல்' என்கிறோம். இரண்டும் வேறு வேறு இனம். நம்மூர்க் காட்டுமுயல் தரைக்கு மேலே வாழ்வது. அதன் குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வீட்டில் வளர்க்கும் முயல்களின் மூதாதை ஐரோப்பாவின் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியைச் சேர்ந்த குழிமுயல். மண்ணுக்கு அடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிகள் ரோமம் இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். அதனால் வீட்டு முயலுக்கு 'ஓடி ஒளிய ஒரு வளை' என்பது அடிப்படைத் தேவை. வயலில் கிடைக்கும் காட்டுமுயல் குட்டியை எடுத்து வந்து வளர்ப்பதோ தவறு மட்டுமல்ல, குற்றமும்கூட. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

பிறந்த முதல் வாரமே பாதி முடிவாகிவிடுகிறது

ஒரே கடையில் வாங்கிய இரண்டு முயல்களில் ஒன்று சட்டெனப் பழகிவிடும். இன்னொன்று மாதக்கணக்கில் ஒளியும். ஏன்?

ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் சொல்கிறது. தாய் முயல் ஒரு நாளைக்குப் பொதுவாக ஒரே ஒருமுறை, அதுவும் சில நிமிடங்கள்தான் பால் கொடுக்கும். பிறந்த முதல் வாரத்தில், பால் குடிக்கும் நேரத்தை ஒட்டி மனிதக் கை பட்ட குட்டிகள் வளர்ந்தபிறகு மனிதர்களைப் பார்த்துப் பயப்படவில்லை. காட்டுக் குழிமுயலின் குட்டிகளிடமும் இதே பலன் தெரிந்தது.

சந்தையில் வாங்கும் குட்டிக்கு அந்த முதல் வாரம் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியாது. பண்ணையில் மொத்தமாக வளர்ந்து, சீக்கிரமே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கூடையில் அடைபட்டு வந்த குட்டியாக இருக்கலாம். அதற்கு மனிதக் கை என்றாலே பிடித்து இழுக்கும் கைதான். அது தப்பாகக் கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் இனி மெதுவாக மாற்ற வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் குறைந்தது எட்டு வாரமான குட்டியா என்று கேட்டு வாங்குவது நல்லது. 2018-ம் ஆண்டு பெட் ஷாப் விதிகளின்படி செல்லப்பிராணி விற்கும் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முயல் பேசும், வாயால் அல்ல

முயல் கடிப்பதற்கு முன் பலமுறை எச்சரிக்கை கொடுத்திருக்கும். நமக்குத்தான் அந்த மொழி தெரிவதில்லை. முக்கியமானவை இவை:

- பின்னங்காலால் தரையில் 'டொப்' என்று தட்டுவது: "ஏதோ ஆபத்து" என்ற அலாரம்.
- காதை முதுகோடு ஒட்டவைத்து, வாலை உயர்த்தி, உறுமுவது: "கிட்ட வராதே." அடுத்தது பாய்ச்சல்தான்.
- உடம்பைத் தரையோடு ஒட்டி, கண் விரிந்து, அசையாமல் இருப்பது: உச்சகட்ட பயம்.
- மூக்கால் லேசாக முட்டுவது: "கொஞ்சம் கவனி" அல்லது "வழி விடு."
- தாடையைப் பொருள்கள் மீது தேய்ப்பது: தாடைக்குக் கீழே வாசனைச் சுரப்பி இருக்கிறது. "இது என்னோடது" என்று பட்டா போடுகிறது.
- பற்களை மென்மையாக உரசுவது: சந்தோஷம். ஆனால் உடம்பைக் குறுக்கிக்கொண்டு பற்களைச் சத்தமாக நறநறத்தால் வலி.
- பக்கவாட்டில் பொத்தென்று விழுந்து படுப்பது: "இங்கே எனக்குப் பயம் இல்லை." முதல்முறை பார்ப்பவர்கள் செத்துப்போய்விட்டதோ என்று பதறிவிடுவார்கள்.
- காற்றில் துள்ளி உடம்பை முறுக்குவது: குஷியின் உச்சம்.

'எவ்ளோ சாதுவா படுத்திருக்கு பாரேன்' - இது ஏன் ஆபத்து?

முயலை மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றைத் தடவும் ரீல்ஸ் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். முயல் அப்படியே மயங்கியதுபோல அசையாமல் கிடக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அது தூக்கமும் இல்லை, சுகமும் இல்லை. எதிரியிடம் சிக்கிய இரை விலங்கு செத்ததுபோல உறைந்துபோகும் நிலை அது. அந்த நேரத்தில் முயலின் உடலில் பயத்தின் அறிகுறிகள் அதிகரிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழக்குவதற்காக இதைச் செய்பவர்கள் தங்களை அறியாமலேயே அந்த முயலின் பயத்தை இன்னும் ஆழமாக்குகிறார்கள்.

அப்படியானால் ஏன் கடிக்கிறது? ஐந்து காரணங்கள்

1. இடம்: கூண்டுதான் முயலின் வீடு. அதற்குள் கை நுழைந்தால் அத்துமீறல். வெளியே சாதுவாக இருக்கும் முயல் கூண்டுக்குள் மட்டும் கடித்தால் இதுதான் காரணம். அது வெளியே உலாவும்போது கூண்டைச் சுத்தம் செய்துவிட்டால் பாதி சண்டை குறையும்.

2. ஹார்மோன்: 4 முதல் 6 மாதத்தில் முயல் பருவம் அடைகிறது. "சின்ன வயசுல எவ்ளோ நல்லா இருந்துச்சு, இப்போ மாறிடுச்சு" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. ஆண் முயல் காலைச் சுற்றி வரும், சிறுநீரைப் பீய்ச்சும். பெண் முயல் கூண்டைக் காக்க உறுமும். கர்ப்பமே இல்லாமல் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும் 'பொய்க் கர்ப்ப' காலத்திலும் சிடுசிடுப்பு அதிகமாக இருக்கும்.

3. வலி: முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல் மென்று தேயாவிட்டால் வளைந்து கன்னத்தையும் நாக்கையும் குத்தும். காதில் பூச்சி, கம்பித் தரையில் நின்று பாதத்தில் புண் என எதுவாக இருந்தாலும் முயல் வலியை வெளியே காட்டாது. தொட்டால் மட்டும் கடிக்கும்.

4. கை வரும் திசை: மேலிருந்து வரும் கை அதற்குக் கழுகு. எதிரே நீட்டும் விரல் அதற்குச் சரியாகத் தெரியாத ஏதோ ஒன்று.

5. கற்றுக்கொண்ட பாடம்: ஒருமுறை கடித்ததும் கை பின்வாங்கியது. "ஓ, இது வேலை செய்கிறது" என்று முயல் கற்றுக்கொண்டது. அடுத்தமுறை எச்சரிக்கைகூட இருக்காது, நேராகக் கடிதான்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது காரணத்தை. வலியோடு இருக்கும் முயலை எந்தப் பயிற்சியாலும் பழக்க முடியாது.

வெயில், லாரி, கூலன்ட் வாசனை

முயலுக்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ்தான் இதமான வெப்பநிலை. மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மேல்மலையின் மன்னவனூரில் இருக்கிறது. ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற ஐரோப்பிய வழி முயல் இனங்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் போடும் குளிர் அது. அதே வம்சாவளி முயலைத்தான் மே மாதம் 40 டிகிரியைத் தொடும் காஞ்சிபுரம் மாவட்டத்தில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ரூமில் வைக்கிறோம்.

முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. காதுகள் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கிவிடும். அப்படித் திணறும் முயலை 'பழக்கப்' போனால் அது கடிக்கத்தான் செய்யும்.

- ஷீட் போட்ட கூரைக்குக் கீழேயும் பால்கனியிலும் கூண்டை வைக்க வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான தரை எதுவோ அதுதான் முயலின் இடம்.
- பெரிய மண்பானையைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். வளைக்கு வளை, குளுமைக்குக் குளுமை.
- தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதன் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஷிஃப்டுக்குப் போன நேரத்தில் கரன்ட் கட் ஆனாலும் கொஞ்ச நேரம் தாங்கும்.
- குளிப்பாட்டவே கூடாது. பயத்திலும் அதிர்ச்சியிலும் உயிரே போகலாம். காதுகளை ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.

அடுத்து சத்தம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இரவெல்லாம் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் ஏர் ஹாரன் நமக்குப் பழகிவிட்டது. முயலுக்கு ஒவ்வொன்றும் அலாரம். சாலைப் பக்க ஜன்னலை விட்டு உள்சுவர் ஓரமாக மாற்றுங்கள். தீபாவளி நேரத்தில் உள்ளறையில் வைத்து, கூண்டை மூன்று பக்கம் துணியால் மூடி, ஒளிய இடம் கொடுப்பது கட்டாயம்.

கடைசியாக வாசனை. முயல் உங்களை முகத்தைவிட வாசனையால்தான் அடையாளம் காண்கிறது. காலையில் சோப்பு மணத்தோடு போனவர், சாயங்காலம் மெஷின் ஆயிலும் கூலன்ட்டும் மணக்க வந்தால் அதற்கு நீங்கள் வேறு ஆள். கை கால் கழுவி, வீட்டில் போடும் அதே டி-ஷர்ட்டுக்கு மாறியபிறகு கிட்டப் போங்கள். தெருநாயைக் கொஞ்சிவிட்டு நேராக முயலிடம் போகவே வேண்டாம்.

பழக்குவது எப்படி? படிப்படியாக

ஒரே ஒரு விதிதான்: நீங்கள் முயலிடம் போகக்கூடாது, முயல் உங்களிடம் வர வேண்டும்.

முதல் கட்டம் - சும்மா இருங்கள்: வீட்டுக்கு வந்த முதல் சில நாள்கள் தொடவே வேண்டாம். தண்ணீர், புல் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று உள்ளே இருக்கட்டும். பின்னையும் டேப்பையும் நீக்கிவிடுங்கள். ஒளிய இடம் இருந்தால் முயல் இன்னும் அதிகமாக ஒளிந்துகொள்ளாதா என்று தோன்றும். நேர்மாறாகத்தான் நடக்கும். ஓட வழி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அது வெளியே வரும்.

இரண்டாம் கட்டம் - தரையில் உட்காருங்கள்: ஒரு மூலையைத் தடுத்து, கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள் அல்லது படுங்கள். நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். முறைப்பது வேட்டை விலங்கின் வேலை. போன் பாருங்கள், புத்தகம் படியுங்கள். முயல் வந்து மோந்து பார்க்கும், காலைத் தாண்டும், பேன்ட்டைக் கடித்து இழுக்கும். அசையாதீர்கள். தினமும் 15-20 நிமிடம் போதும்.

மூன்றாம் கட்டம் - கையும் சாப்பாடும்: உங்களுக்குப் பக்கத்தில் கொத்தமல்லித் தழை ஒன்றை வையுங்கள். அடுத்த நாள் இன்னும் பக்கத்தில். பிறகு உங்கள் கால் மேல். பிறகு தரையில் விரித்த உள்ளங்கையில். ஒவ்வொரு முறையும் ஒரே சத்தத்தைக் கொடுங்கள். நாக்கால் 'டக் டக்', அல்லது அதன் பெயர். சில வாரங்களில் சத்தம் கேட்டாலே ஓடிவரும்.

நான்காம் கட்டம் - முதல் தொடுகை: முயல் கையிலிருந்து நிதானமாகச் சாப்பிடும்போது, பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய் நெற்றியையும் கன்னத்தையும் இரண்டு முறை தடவிவிட்டு நிறுத்துங்கள். தலையைத் தரையோடு தாழ்த்திக் காட்டினால் "இன்னும்" என்று அர்த்தம். விலகினால் அன்றைக்கு அவ்வளவுதான். தாடை, வயிறு, வால், பாதம் இப்போதைக்கு வேண்டாம்.

கடித்துவிட்டால்? கையைச் சட்டென இழுக்காதீர்கள், அடிக்காதீர்கள், கூண்டைத் தட்டாதீர்கள். சின்னதாக 'ஆ' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. பாய்கிற முயல் என்றால் கொஞ்ச நாளைக்கு முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டால் நீங்களும் பதற மாட்டீர்கள். தோல் கிழிந்திருந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, டாக்டரைப் பாருங்கள். டி.டி. ஊசி தேவையா என்று அவர் சொல்வார்.

மூன்று ஷிஃப்ட், ஒரே முயல்: டைம் எப்படி ஒதுக்குவது?

முயல் பகலிலும் அதிகம் உலாவாது, நள்ளிரவிலும் அதிகம் உலாவாது. விடியலும் அந்தியும்தான் அதன் நேரம். மதியம் மூன்று மணிக்கு வீடு வந்து தூங்குகிற முயலை எழுப்பிக் கொஞ்சினால் அது எரிச்சல்படுவது நியாயம்தான். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. எந்த ஷிஃப்டாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றாவது கையில் கிடைக்கும்.

- காலை 6 - மதியம் 2: கிளம்பும் முன் புல்லும் தண்ணீரும். பழக்கும் நேரம் மாலை 6 மணிக்கு மேல்.
- மதியம் 2 - இரவு 10: பழக்கும் நேரம் காலை 6-7. இரவு திரும்பியதும் பளிச்சென்று டியூப் லைட் போடாமல், மெல்லிய வெளிச்சத்தில் புல் மட்டும் வைத்துவிடுங்கள்.
- இரவு 10 - காலை 6: வந்ததும் காலை உணவு. பிறகு இருவரும் தூங்கலாம். கம்பெனி பஸ் ஏறும் முன் மாலை 6-7 பழக்கும் நேரம்.

ஷிஃப்ட் மாறினாலும் சாப்பாட்டு வரிசை மாறக்கூடாது: அதே சத்தம், அதே தட்டு, அதே இடம். ரூம்மேட்கள் இருந்தால் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். மூன்று பேர் பொறுமையாக இருந்து, நான்காவது நபர் காதைப் பிடித்துத் தூக்கினால் முயல் நான்காவது நபரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஹாஸ்டல், பி.ஜி.யில் தங்குபவர்கள் வாங்கும் முன்பே விதியைக் கேட்டுவிடுங்கள். வாங்கியபின் ஒளித்து வைப்பது முயலுக்கும் நல்லதல்ல.

தூக்கியே ஆக வேண்டுமென்றால்?

முயலின் எலும்புகள் லேசானவை. பின்னங்கால் தசைகளோ பலமானவை. பின்பகுதிக்குப் பிடிமானம் இல்லாமல் தூக்கினால் அது உதைக்கும் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடலாம். பின்னங்கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்துபோன முயல்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்பகுதிக்குக் கீழே கொடுத்து, உங்கள் உடம்போடு அணைத்தபடி தூக்குங்கள். நின்றுகொண்டு தூக்க வேண்டாம். காதைப் பிடித்துத் தூக்குவது சினிமாவிலும் மேஜிக் ஷோவிலும் பார்த்த பழக்கம், அது சித்திரவதை. இறக்கும்போதும் பின்பகுதி முதலில் தரையைத் தொட வேண்டும். டாக்டரிடம் போக மட்டும் தூக்குங்கள். மற்ற நேரத்தில் அட்டைப்பெட்டிக்குள் தானாக நடந்து போகப் பழக்கிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

கேரட் அல்ல, புல்தான் சோறு

கார்ட்டூன் பார்த்துக் கேரட் மட்டும் போடுபவர்கள் அதிகம். கேரட் முயலுக்கு ஸ்வீட் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. சாப்பாட்டில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப் புல், காயவைத்த புல் எல்லாம் நல்லது. வேலிமசால், முயல்மசால் போன்ற பயறுவகைத் தீவனங்களை அளவோடு தரலாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை பழக்குவதற்கான 'லஞ்சம்'. எந்தத் தீவனம் எங்கே கிடைக்கும் என்ற சந்தேகத்துக்கு, ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாக எளிதில் போகக்கூடிய காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம்.

சோறு, பிரட், பிஸ்கட், முறுக்கு, வெங்காயம், பூண்டு வேண்டவே வேண்டாம். சாலையோரப் புல்லில் தூசியும் களைக்கொல்லியும் நாய்ச் சிறுநீரும் இருக்கலாம். நெடுஞ்சாலை நடுவே பூத்து நிற்கும் அரளி, காலி மனைகளில் வளரும் எருக்கு இரண்டும் விஷம். முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்து அருவருக்க வேண்டாம். அது இயல்பு, சத்தை இரண்டாவது முறை உறிஞ்சிக்கொள்ளும் வழி.

டாக்டரிடம் எப்போது?

12 மணி நேரமாகச் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது எமர்ஜென்சி. குடல் இயக்கம் நின்றிருக்கலாம். "ஷிஃப்ட் முடிஞ்சு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பது முயல் விஷயத்தில் தாமதமாகிவிடும். வாயால் மூச்சுவிடுவது, தலை ஒரு பக்கம் சாய்வது, எச்சில் வடிவது ஆகியவையும் அவசர அறிகுறிகள்.

பருவம் அடைந்தபின் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் பாய்ச்சலும் சிறுநீர் பீய்ச்சலும் பெரிதும் குறையும். பெண் முயலுக்கு இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு: கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு மூன்று, நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். 'ஜோடி' என்று வாங்கியவர்களுக்கும் இது அவசியம். முயலின் கர்ப்பகாலம் சுமார் 31 நாள்தான். பிரசவம் ஆன கையோடு மீண்டும் கருத்தரித்துவிடும்.

முயலுக்குச் சிகிச்சை கொடுத்துப் பழகிய டாக்டரா என்று முதலில் கேளுங்கள். 1903-ல் தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரம். அதிகாலையில், மூடிய பெட்டியில், ஒரு பிடி புல்லோடு அழைத்துப்போங்கள். ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போடக்கூடாது. அதற்கு வாந்தி எடுக்கவே முடியாது. நாய்க்கு உண்ணிக்காகப் போடும் ஃபிப்ரோனில் மருந்து முயலைக் கொன்றுவிடும். வாய்வழி அமாக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

"ஏரிக்கரையில விட்டா புல் தின்னு பொழச்சுக்காதா?"

பிழைக்காது. ஆஸ்திரேலியாவில் 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக விட்ட 24 முயல்கள் கண்டத்தையே ஆக்கிரமித்த கதையைப் பலர் சொல்வார்கள். அங்கே விடப்பட்டவற்றில் காட்டு முயல்கள் இருந்தன; தட்பவெப்பமும் ஒத்துப்போனது. கூண்டில் வளர்ந்த வெள்ளை முயலுக்கு ஒளியத் தெரியாது, அதன் நிறமும் ஒளியவிடாது. தெருநாய், வெயில், சாலை என ஏதோ ஒன்றுக்கு அது பலியாகிவிடும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11-ன் கீழ் குற்றமும்கூட. வேலை மாறி ஊருக்குப் போகிறீர்கள், வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால், முயல் வளர்த்த அனுபவம் உள்ள ஒரு குடும்பத்தைத் தேடி, அதன் சாப்பாட்டுப் பழக்கத்தையும் அந்த 'டக் டக்' சத்தத்தையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.

எத்தனை நாளில் பழகும்?

சில முயல்களுக்கு இரண்டு வாரம் போதும். சிலவற்றுக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். நல்ல பராமரிப்பில் 8 முதல் 12 வருடம் வாழும் விலங்குக்கு ஆறு மாதம் பெரிய கணக்கு இல்லை. "இன்னைக்குக் கொஞ்சிச்சா?" என்று பார்க்காதீர்கள். போன வாரம் கதவு திறந்ததும் ஒளிந்தது, இந்த வாரம் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கிறதா? அதுதான் முன்னேற்றம்.

சில முயல்கள் கடைசிவரை மடியில் உட்காராது. தூக்குவதை விரும்பாது. ஆனால் நீங்கள் வேலை முடிந்து வந்து தரையில் சாய்ந்ததும், இரண்டு அடி தள்ளி வந்து பொத்தென்று பக்கவாட்டில் விழுந்து படுக்கும். முயல் மொழியில் அதுவே முழு நம்பிக்கை. அந்த இரண்டு அடியைக் குறைக்கும் உரிமை அதற்கு மட்டும்தான் உண்டு.